2147483647: கம்ப்யூட்டர் முட்டி நிக்கிற இந்த நம்பருக்குள்ள என்னதான் இருக்கு?

2038ல கம்ப்யூட்டர் கடிகாரமெல்லாம் 1901க்கு போயிடும்னு ஒரு செய்தி அடிக்கடி சுத்தி வருது, கூடவே 2147483647ங்கிற நம்பரும் வருது. கேம்ல காசு சேத்துக்கிட்டே போறவங்களும் இதே நம்பர்ல வந்து நிக்கிறாங்க. 2014 டிசம்பர்ல கங்னம் ஸ்டைல் வீடியோவோட வியூஸ் இந்த நம்பரைத் தாண்டப் போகுதுன்னு கவுன்ட்டரையே பெருசாக்கிட்டதா யூடியூப் சொன்னப்பவும் இதேதான் தலைப்புச் செய்தி. இதைத் தேடிப் பாத்தா கூடவே இன்னொரு தகவலும் கிடைக்கும், இது ஒரு பகா எண், அதாவது ப்ரைம் நம்பர். உடனே ஒரு சந்தேகம் வரும், கம்ப்யூட்டர் லிமிட்டுக்குன்னே பாத்துப் பாத்து ஒரு ப்ரைமை வச்சாங்களா என்ன?

இல்ல. லிமிட்டா இருக்கிறதுக்கு ஒரு காரணம், ப்ரைமா இருக்கிறதுக்கு வேற காரணம், ரெண்டும் ஒரே நம்பர்ல வந்து விழுந்தது தற்செயல். அது எப்படின்னு அடியிலேர்ந்து பாப்போம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல, இது எவ்ளோ பெருசு

நம்ம கணக்குல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்து இலக்கம். நம்பரா பாத்தா ஒரு ஒழுங்கும் தெரியாது, ஆனா பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதினா, வரிசையா 31 ஒண்ணு, வேற எதுவுமே இல்ல. நம்ம வழக்கமான எண் முறைல 999ங்கிறது 1000க்கு ஒண்ணு கம்மிங்கிற மாதிரி, 31 ஒண்ணு வரிசையா நின்னா அது 2^31க்கு ஒண்ணு கம்மி. 2^31னா 2ஐ 31 தடவை எழுதி பெருக்கறது. ஆக 2147483647 = 2^31 - 1. இனி வரப்போற எல்லாமே இந்த ஒரு வரிலேர்ந்துதான் வருது.

கம்ப்யூட்டர் ஏன் இங்க முட்டுது

ஒரு முழு எண்ணை வைக்க 32 பிட் இடம் கொடுக்கறது ரொம்ப நாளா இருந்த வழக்கம். ஒரு பிட்னா 0 இல்லன்னா 1 உக்கார ஒரு சீட்டு.

1. மைனஸ் நம்பரும் வேணும்னா முதல் சீட்டு அடையாளத்துக்குப் போயிடும், அதுல 0 இருந்தா ப்ளஸ் பக்கம், 1 இருந்தா மைனஸ் பக்கம்.
2. மிச்சம் 31 சீட்டு. எல்லாத்துலயும் 1 உக்காந்தா அதுதான் அதிகபட்சம், 2147483647.
3. இதோட ஒண்ணு கூட்டினா, 999 + 1 போட்டா மூணு 9ம் 0 ஆகி முன்னாடி ஒரு 1 முளைக்குதில்ல, அதே மாதிரி 31 சீட்டும் 0 ஆகி அந்த 1 அடையாளச் சீட்டுல போய் உக்காந்துக்கும். கம்ப்யூட்டர் அதை மைனஸ்னு படிச்சுக்கும், -2147483648னு.

மைனஸ் பக்கம் மட்டும் ஏன் ஒண்ணு அதிகம்னா, 0ங்கிற எண் ப்ளஸ் பக்கத்துல ஒரு இடத்தைப் பிடிச்சுக்குது, அவ்ளோதான்.

2038 விஷயமும் இதே கதைதான். நிறைய சிஸ்டம் நேரத்தை 1970 ஜனவரி 1லேர்ந்து எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எண்ணிதான் வச்சுக்குது. 2147483647 செகண்டை நாளா மாத்தினா 24855 நாள், 3 மணி, 14 நிமிஷம், 7 செகண்ட் வரும். அதை 1970லேர்ந்து எண்ணினா 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரப்படி காலைல 3:14:07. அடுத்த செகண்ட், இன்னும் 32 பிட்லயே எண்ணிக்கிட்டிருக்கிற கடிகாரம் மைனஸுக்குப் புரண்டு 1901 டிசம்பர் 13ஐக் காட்டும். 64 பிட்டுக்கு மாறின சிஸ்டத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல. உலகமெல்லாம் அழியாது, மாத்தாம விட்ட பழைய சாதனங்கள்ல தேதி தப்பாகும், அந்தத் தேதியை நம்பி ஓடற வேலை கெடும், கவலை அதைப் பத்திதான்.

கவனிங்க, இது வரைக்கும் ப்ரைம்ங்கிற வார்த்தைக்கு இங்க வேலையே வரல. 31 சீட்டு இருக்கு, எல்லாம் ரொம்பிடுச்சு, முடிஞ்சது.

அப்ப ப்ரைம் எங்கேர்ந்து வந்துச்சு

ப்ரைம்னா 1ஆலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாத எண். 7, 13, 31 மாதிரி.

2^ஏதோ - 1ங்கிற வடிவத்துல இருக்கிற எண்ணை மெர்சென் எண்னு சொல்வாங்க, 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரியார் மரீன் மெர்சென் பேர்ல. இதுல ஒரு அழகான விதி இருக்கு, மேல இருக்கிற அடுக்கு ப்ரைமா இல்லன்னா அந்த எண்ணும் கண்டிப்பா ப்ரைமா இருக்காது. ஏன்னு கண்ணால பாத்தே புரிஞ்சுக்கலாம். 2^15 - 1ஐ பைனரில எழுதினா 15 ஒண்ணு. 15 = 3 × 5ங்கறதால அதை மூணு மூணா பிரிக்கலாம்:

111 111 111 111 111

ஒவ்வொரு கொத்தும் 111, அதாவது 7. அப்ப மொத்த எண்ணும் 7ஆல வகுபட்டே தீரணும். அதையே அஞ்சு அஞ்சா பிரிச்சா கொத்து 11111, அது 31, அதாலயும் வகுபடணும். போட்டுப் பாத்தா 32767 = 7 × 31 × 151. 31 ஒண்ணை இப்படி சமமா பிரிக்கவே முடியாது, ஏன்னா 31 ஒரு ப்ரைம்.

இதை வச்சு கம்ப்யூட்டரோட மத்த லிமிட்டையெல்லாம் வரிசையா பாத்தா தற்செயல்னு சொன்னது பளிச்சுனு தெரியும். ஒரு சீட்டு அடையாளத்துக்குப் போறதால மிச்சம் 7, 15, 31, 63.

1. 8 பிட்: 2^7 - 1 = 127. ப்ரைம்.
2. 16 பிட்: 2^15 - 1 = 32767. ப்ரைம் இல்ல, மேல பாத்தோம்.
3. 32 பிட்: 2^31 - 1 = 2147483647. ப்ரைம்.
4. 64 பிட்: 2^63 - 1 = 9223372036854775807. இது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657ன்னு சில்லு சில்லா உடைஞ்சிடும்.

நாலுல ரெண்டுதான் தேறுச்சு. மைனஸே வேணாம்னு 32 சீட்டையும் எண்ணுக்கே கொடுத்தா கிடைக்கிற 4294967295ம் ப்ரைம் இல்ல, 3 × 5 × 17 × 257 × 65537. லிமிட்டை வச்ச இன்ஜினியர் யாரும் ப்ரைமைத் தேடிப் போகல, 32லேர்ந்து ஒண்ணு கழிச்சா 31 வந்துச்சு, அது ப்ரைமா அமைஞ்சுது.

அடுக்கு ப்ரைம்னா மட்டும் போதாது

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறது. 11 ப்ரைம்தான், ஆனா 2^11 - 1 = 2047 = 23 × 89. சமமா பிரிக்க முடியாதுன்னா அந்த ஒரு வழில உடையாதுன்னுதான் அர்த்தம், வேற வழில உடையலாம்.

மெர்சென் அவரே 1644ல ஒரு பட்டியல் போட்டாரு, 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்கு ப்ரைம் வரும்னு. 31 அதுல இருந்துச்சு, அது சரி. ஆனா 67, 257 ரெண்டையும் தப்பா சேத்துட்டாரு, 61, 89, 107 மூணையும் விட்டுட்டாரு. 67 தப்புங்கிறது 1876ல லூக்காங்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் மூலமா தெரிஞ்சுது, ஆனா 2^67 - 1 எந்த ரெண்டு எண்ணோட பெருக்கல்னு 1903லதான் கோல்ங்கிறவர் காட்டினாரு, 193707721 × 761838257287. உடையும்னு முதல்ல தெரிஞ்சு, எப்படி உடையும்னு 27 வருஷம் கழிச்சு தெரியறது விசித்திரமாத்தான் இருக்கும், ஆனா பெரிய எண்கள்ல இது சாதாரணம்.

1772: கையால எப்படி நிரூபிச்சாங்க

2147483647 ப்ரைம்னு நிரூபிச்சவர் சுவிஸ் கணித மேதை ஆய்லர், 1772ல பெர்னூலிக்கு எழுதின கடிதத்துல அதைச் சொல்றாரு. அப்ப அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சுங்கறதையும் சேத்து யோசிங்க.

நேரடியா போனா எவ்ளோ வேலைன்னு பாப்போம். ஒரு எண் உடையும்னா, உடைஞ்ச துண்டுல ஒண்ணாவது அதோட வர்க்கமூலத்துக்குள்ள இருந்தே ஆகணும், ரெண்டுமே அதை விடப் பெருசா இருந்தா பெருக்கல் எல்லை மீறிடும். இதோட வர்க்கமூலம் 46340 சொச்சம். அது வரைக்கும் இருக்கிற ப்ரைம்கள் 4800க்குக் கிட்ட. அத்தனையாலயும் வகுத்துப் பாத்து ஒண்ணாலயும் போகலன்னா ப்ரைம். ஒரு ஆள் உக்காந்து பண்ணா முடியாதுன்னு இல்ல, ஆனா நடுவுல ஒரே ஒரு வகுத்தல் தப்பானாலும் மொத்தமும் வீண்.

ஆய்லர் இந்தக் குவியலை ரெண்டு சல்லடைல சலிச்சாரு. காரணியா, அதாவது நம்ம எண்ணை மீதியில்லாம வகுக்கற எண்ணா, வரக்கூடிய ஒரு ப்ரைமை 'க'ன்னு வச்சுப்போம்.

1. க நம்ம எண்ணை வகுக்கும்னா, 2^31ஐ கவால வகுத்தா மீதி 1 வரணும்.
2. 2, 4, 8, 16ன்னு போயிட்டே அதோட மீதியை எழுதினா அது சுத்திச் சுத்தி வரும். உதாரணத்துக்கு 7ஆல வகுத்தா மீதி 2, 4, 1, 2, 4, 1, சுத்தோட நீளம் 3. கவுக்கு இந்தச் சுத்து 31ல 1ஐத் தொடறதால, நீளம் 31ஐ வகுக்கற எண்ணா இருக்கணும், 31 ப்ரைம்ங்கறதால நீளம் 31தான், வேற வழியே இல்ல.
3. சுத்தோட நீளம் எப்பவும் க - 1ஐ மீதியில்லாம வகுக்கும்ங்கிறது ஃபெர்மா சொன்ன விதியோட விளைவு (மேல 7க்கு நீளம் 3, 7 - 1 = 6, சரியா இருக்கு பாருங்க). அப்ப க - 1 ங்கிறது 31ஓட மடங்கு. க ஒத்தைப்படை எண்ங்கறதால க - 1 ரெட்டைப்படை, அதனால 62ஓட மடங்கு.

இது முதல் சல்லடை. 63, 125, 187, 249ன்னு 62 விட்டு 62ல இருக்கிற எண்கள் மட்டும்தான் தேறும். 2047க்கு இதைப் போட்டுப் பாருங்க, அடுக்கு 11, அப்ப 22ஓட மடங்கு கூட ஒண்ணு: 23, 45, 67, 89. உடைஞ்ச ரெண்டு துண்டும் இதுலயே இருக்கு. 2047ஓட வர்க்கமூலம் 45 சொச்சம், அதுக்குள்ள இருக்கிற ஒரே ப்ரைம் 23, முதல் அடியிலயே ஆட்டம் குளோஸ்.

4. ரெண்டாவது சல்லடை. 2^31ஓட மீதி 1ன்னா 2^32ஓட மீதி 2. ஆனா 2^32ங்கிறது 2^16ஓட வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணை கவால வகுத்தா மீதி 2 வருது. இது எல்லா ப்ரைமுக்கும் நடக்காது, 3ஆல எந்த வர்க்கத்தை வகுத்தாலும் 0 இல்ல 1தான் மிஞ்சும், 5ஆல வகுத்தா 0, 1, 4. ஒத்தைப்படை ப்ரைம்கள்ல, 8ஆல வகுத்தா 1 இல்ல 7 மிஞ்சற ப்ரைமுக்கு மட்டும்தான் இது முடியும், 7, 17, 23, 31 மாதிரி.
5. ரெண்டு சல்லடையையும் சேத்தா, க ங்கிறது 248ஓட மடங்கு கூட 1, இல்லன்னா 248ஓட மடங்கு கூட 63.

46340க்குள்ள இப்படி இருக்கிற எண்களே நானூறைத் தொடாது, அதுல ப்ரைம் எண்பது சொச்சம்தான். முதல் ஆள் 311, வகுத்தா மீதி 35. அடுத்தது 1303. இப்படியே போய் ஒண்ணாலயும் வகுபடல, அதனால ப்ரைம்.

4800 எங்க, எண்பது எங்க. 214 கோடி பக்கத்துல வேற ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்திருந்தா இந்த ரெண்டு சல்லடையும் கிடையாது, 4800 வகுத்தலும் பண்ணியே ஆகணும். பெரிய ப்ரைம்னு ரெக்கார்டு வர்றப்பல்லாம் அது அனேகமா மெர்சென் எண்ணா இருக்கிறதுக்கு இந்த வடிவம்தான் காரணம், அந்த வடிவத்துல ப்ரைம் கொட்டிக் கிடக்கல, பிடிச்சுப் பாக்க ஈஸி. 2024 அக்டோபர்ல அறிவிச்ச 2^136279841 - 1 கூட அப்படித்தான், 4 கோடியே 10 லட்சம் இலக்கத்துக்கு மேல.

இப்ப எப்படி சோதிக்கறாங்க

அவ்ளோ பெரிய எண்ணுக்கு ஆய்லர் வழி உதவாது. லூக்கா ஆரம்பிச்சு லேமர் சீர்படுத்தின ஒரு டெஸ்ட் இருக்கு, இவ்ளோ சின்னதா ஒரு டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு ஆச்சரியமா இருக்கும். 4ல ஆரம்பிங்க, வர்க்கம் போடுங்க, 2 கழிங்க, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கங்க, திரும்ப அதையே பண்ணுங்க. அடுக்குலேர்ந்து 2 கழிச்சா எத்தனையோ அத்தனை தடவை. கடைசில 0 வந்தா ப்ரைம், வரலன்னா இல்ல.

31க்கு, அதாவது 2^5 - 1க்கு, மூணு தடவை: 4லேர்ந்து 14, அப்புறம் 194, 31ஆல வகுத்தா மீதி 8, அப்புறம் 64 - 2 = 62, மீதி 0. ப்ரைம். 2047க்கு ஒன்பது தடவை பண்ணா கடைசில 1736 நிக்குது, 0 இல்ல, அதனால ப்ரைம் இல்ல. 2147483647க்கு 29 தடவை போதும், எண்பது வகுத்தல்கூட வேணாம். ப்ரைம் இல்லன்னு டெஸ்ட் சொன்னாலும் காரணி என்னன்னு சொல்லாதுங்கறதையும் பாருங்க, மேல 67 விஷயத்துல நடந்தது அதுதான்.

இந்த எண்ணோட மத்த சங்கதிகள்

நிறைவெண்னு ஒண்ணு இருக்கு, தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா தானே வர்ற எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒரு மெர்சென் ப்ரைம் கிடைச்சா ஒரு நிறைவெண்ணும் இலவசம்னு யூக்ளிட் காலத்துலயே தெரியும். 31ஆவது அடுக்குக்கு 2^30 × 2147483647 = 2305843008139952128, எட்டாவது நிறைவெண். இங்கிலாந்துக்காரர் பீட்டர் பார்லோ 1811ல இதுதான் கண்டுபிடிக்கப்போற கடைசிப் பெரிய நிறைவெண், பிரயோஜனமில்லாத வேடிக்கை எண்ணுக்காக இதுக்கு மேல யாரும் மெனக்கெட மாட்டாங்கன்னு எழுதிட்டாரு. இப்ப கையில இருக்கிறது 52.

இன்னொண்ணு, 8ஆல வகுத்தா மீதி 7 வர்ற எண் இது (பைனரில கடைசி மூணும் 111, அதனால). அப்படிப்பட்ட எண்ணை ரெண்டு வர்க்கம், மூணு வர்க்கம்னு எதோட கூட்டலாவும் எழுத முடியாது, நாலு வர்க்கம் வேணும். நாலு இருந்தா எந்த எண்ணுக்கும் போதும்னு லக்ராஞ்ச் 1770லயே நிரூபிச்சுட்டாரு.

பக்கத்து வீட்டு எண்ணையும் பாத்துடலாம். 2147483648ல 2ஐத் தவிர ஒண்ணும் கிடையாது. அதுக்கடுத்த 2147483649 = 3 × 715827883, அந்த 715827883ம் ஒரு ப்ரைம்.

லிமிட்டும் ப்ரைமும் நிஜமாவே கை கோத்த ஒரு இடம்

ரெண்டும் தற்செயல்னு சொன்னேன், ஆனா அந்தத் தற்செயலைப் புத்திசாலித்தனமா பயன்படுத்திக்கிட்ட ஒரு இடம் இருக்கு, ரேண்டம் நம்பர். கம்ப்யூட்டரால நிஜமா சீட்டுக் குலுக்க முடியாது, ஒரு கணக்கை ஓட்டி குலுக்கின மாதிரி காட்டும். லேமரோட யோசனை (மேல வந்த அதே லேமர்தான்): கையில இருக்கிற எண்ணை ஒரு நிலையான எண்ணால பெருக்கு, ஒரு ப்ரைமால வகு, மீதிதான் அடுத்த ரேண்டம் நம்பர். 1988ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் குறைஞ்சபட்சத் தரம்னு முன்வச்சது, பெருக்க 16807, வகுக்க 2147483647.

வகுக்கிற எண் ப்ரைம்ங்கறதால, பெருக்கற எண்ணைச் சரியா தேர்ந்தெடுத்தா 1லேர்ந்து 2147483646 வரைக்கும் ஒண்ணு விடாம எல்லாம் ஒரு தடவை வந்துட்டுதான் சுத்து திரும்ப ஆரம்பிக்கும். 32 பிட் லிமிட்டே அதுங்கறதால வர்ற மீதி எல்லாம் அந்த இடத்துலயே அடங்கிடும். 16807ங்கிறது 7^5, அது சரியான தேர்வு. அதுக்குப் பதிலா 2ஐ வச்சா என்ன ஆகும்னு நமக்கு ஏற்கனவே தெரியும், 31 அடில 1க்குத் திரும்பி வந்துடும், 214 கோடி எதிர்பாத்த இடத்துல 31. ஆனா இந்த முறையை பாஸ்வேர்டு, ரகசியச் சாவி மாதிரி விஷயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒரு எண்ணைப் பாத்தா அடுத்தது என்னன்னு யாரும் கணக்குப் போட்டுடலாம்.

அடுத்த படி

5 ப்ரைம். 2^5 - 1 = 31, ப்ரைம். 2^31 - 1 = 2147483647, ப்ரைம். அப்ப இதையே அடுக்கா வச்சு 2^2147483647 - 1 போட்டா? ஆசையாத்தான் இருக்கும், எழுதிப் பாக்கவே 64 கோடி இலக்கத்துக்கு மேல வேணும். ஆனா அது ப்ரைம் இல்ல. 1983ல அதுக்கு ஒரு காரணி கிடைச்சுது, 295257526626031. ஆய்லரோட சல்லடைல போட்டுப் பாருங்க: ஒண்ணு கழிச்சா 2147483647 × 137490, 8ஆல வகுத்தா மீதி 7.